மேலாளருக்கு எதற்கு மாணவர் டிக்கெட்?

"என் புருஷன் ஒரு மாணவர்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்மணி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

உதவித் துப்பறிவாளன் லொடலொட, இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ மனைவிகளின் புகாரைக் கேட்டிருக்கிறான். குடிக்கிறார் என்பார்கள், சூதாடுகிறார் என்பார்கள், சின்ன வீடு இருக்கிறது என்பார்கள். புருஷன் படிக்கிறார் என்று ஒருவர் அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தான்.

"அது அவ்வளவு கெட்ட பழக்கமா மேடம்? நல்லவேளை, நான் சின்ன வயசிலேயே விட்டுட்டேன்" என்றான்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அவனுடைய முதலாளி ஒரே ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாய் தானாக மூடிக்கொண்டது.

ஒல்லியான உடம்பு, லேசாக வளைந்த மூக்கு, எதையும் தப்ப விடாத கண்கள். தெருவே அவளைக் கழுகு என்றுதான் கூப்பிட்டது. கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்தில் அவளும் லொடலொடவும்தான் மொத்தப் படை. லொடலொட என்ற பெயர் அவனுடைய ஓட்டை ஸ்கூட்டருக்கு வைத்ததா, வாய்க்கு வைத்ததா என்பது இன்றுவரை துலங்காத வழக்கு.

"முதல்லேர்ந்து சொல்லுங்க டீச்சர்" என்றாள் கழுகு.

அவர் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுப்பவர். கணவர் பைப் தொழிற்சாலை ஒன்றில் மேலாளர். தலையில் பாதி முடி போய்விட்ட, சாதுவான, கைநிறையச் சம்பளம் வாங்குகிற மனிதர்.

"அவர் பேன்ட்டை மெஷின்ல போட்டுட்டேன். பாக்கெட்ல என்ன இருக்குன்னு பார்க்கல. துவைச்சு எடுத்தா இது விழுந்துச்சு" என்று கைபேசியை நீட்டினார். ஓர் அடையாள அட்டையின் படம். தண்ணீரில் ஊறியதில் கல்லூரியின் பெயரும் முத்திரையும் கரைந்து போயிருந்தன. மிஞ்சியது இரண்டே விஷயங்கள். 'மாணவர்' என்ற சொல், அதன் பக்கத்தில் அவருடைய கணவரின் முகம்.

"அட்டை எங்கே?"

"வீடு முழுக்கத் தேடி அலைஞ்சாரு. பார்க்கப் பொறுக்கல. அவருக்குத் தெரியாம அதே பாக்கெட்ல திரும்ப வெச்சுட்டேன். ஏன்னு கேட்டுடலாம்னு வாயைத் திறப்பேன், பயமா இருக்கும். சனிக்கிழமை ஆனா ஓவர் டைம்னு கிளம்பறாரு. மேனேஜருக்கு ஏதுங்க ஓவர் டைம்? காலேஜ் பொண்ணு யாரோ இருக்கா. அவளைப் பார்க்க உள்ளே போறதுக்குத்தான் இந்த அட்டை."

"இல்லன்னா கஞ்சத்தனமா இருக்கலாம் மேடம்" என்று லொடலொட ஆறுதல் சொன்னான். "எங்க மாடி வீட்டுக்காரர் அரை டிக்கெட்டுக்காக பஸ்ல முழங்காலை மடக்கி நிப்பாரு."

கழுகு கணவரின் வேறு படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். டீச்சர் கைபேசியைத் தள்ளித் தள்ளி ஒன்றைக் காட்டினார். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த சட்டம் போட்ட புகைப்படம். கறுப்பு அங்கி, நிமிர்ந்த மோவாய், அடர்ந்த மீசை, கையில் உருட்டிப் பிடித்த பட்டம்.

"என்னைப் பொண்ணு கேட்டு எங்க அப்பாகிட்ட வந்தப்ப, இந்தப் படத்தைத்தான் முதல்ல எடுத்து நீட்டினாரு" என்றார். குரலில் அழுகைக்கு நடுவிலும் ஒரு பெருமை.

கழுகு அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. லொடலொட எட்டிப் பார்த்தான். அவனுக்கு மீசைதான் தெரிந்தது.

"நல்ல படம்" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள் கழுகு. "சனிக்கிழமை சொல்றோம்."

*

ஸ்கூட்டரின் சத்தத்தோடு யாரையும் ரகசியமாகத் தொடர முடியாது என்பதால், சனிக்கிழமை காலையில் இருவரும் நடந்தே போனார்கள். மேலாளர் தொழிற்சாலைப் பக்கமே திரும்பவில்லை. தோளில் ஒரு பையோடு நேராக முடி வெட்டும் கடைக்குள் நுழைந்தார். 'மாணவர்களுக்குச் சலுகை உண்டு' என்று கண்ணாடியில் எழுதியிருந்தது.

லொடலொடவும் கழுகும் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு பழைய பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

முடிதிருத்துபவர் கேட்பதற்கு முன்பே மேலாளர் அட்டையை எடுத்து நீட்டினார். நெஞ்சு ஒரு சுற்று பெரிதானது போல் இருந்தது.

"சார், உங்க தலைக்குச் சலுகையே வேண்டாம். எனக்கே பாதி வேலைதான்" என்றார் முடிதிருத்துபவர். மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். வீட்டில் ஒன்றை மறைத்துவிட்டு வந்தவர் இப்படிச் சிரிப்பாரா என்று லொடலொடவுக்கே சந்தேகம் வந்தது.

வெளியே வந்ததும் கழுகு கேட்டாள். "அவர் வலது கை நடுவிரலைப் பார்த்தியா?"

"மோதிரம் இல்ல பாஸ். கழட்டி வெச்சுட்டு வந்திருக்கான் மனுஷன்."

"மோதிரத்தை விடு. விரல் நுனியில மைக்கறை. பேனா பிடிக்கிற இடம் தடிச்சுப் போயிருக்கு. ஒரு மேனேஜர் நாள் பூரா என்ன பண்ணுவார்?"

"கத்துவார்."

"கத்துவார், கையெழுத்துப் போடுவார். அதுக்கு விரல் தடிக்காது. இவர் பக்கம் பக்கமா எழுதறார்."

"காதல் கடிதம்!"

"இந்தக் காலத்துல அதை எவன்டா கையால எழுதறான்?" என்றபடி கழுகு நடையை எட்டிப் போட்டாள். மேலாளர் அதற்குள் சினிமா தியேட்டர் படியேறிக்கொண்டிருந்தார்.

டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஓர் இளம்பெண். மாணவர்களுக்கு முன்வரிசைகளில் கொஞ்சம் இடம் மட்டும் பாதி விலைக்கு. ஆகவே அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். ஒவ்வோர் அட்டையையும் வாங்கினாள், புரட்டினாள், படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டாள். தாடி வளர்த்த ஒருவனிடம், "தாடியைக் கையால மறைச்சுக் காட்டு" என்றுகூடச் சொன்னாள்.

மேலாளர் முறை வந்தது. அட்டையை நீட்டினார். அவள் அதைத் தொடக்கூட இல்லை. ஏதோ முணுமுணுத்தாள், அவர் சிரித்தார், டிக்கெட் கைமாறியது.

அவருக்கு அடுத்து இரண்டு மாணவிகள். "சலுகை டிக்கெட் தீர்ந்துடுச்சுப்பா. முழு டிக்கெட்தான் இருக்கு" என்றாள் அந்தப் பெண். இருவரும் ஒருவர் பையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் படியிறங்கிப் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை கழுகு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பாஸ்! அட்டையைப் பார்க்கவே இல்ல பாஸ்! இவதான் அவ!" லொடலொட குதித்தான்.

கழுகு நேராக ஜன்னலுக்குப் போனாள். "ஒரு சந்தேகம்மா. முழுநேர வேலை பார்க்கிறவங்க இந்தச் சலுகையைக் கேட்கலாமா?"

"அட்டை இருந்தா கேட்கலாம் மேடம். அட்டையில மாணவர்னுதான் போட்டிருக்கும். சம்பளம் எவ்வளவுன்னு போட்டிருக்காதே."

"நீ கேட்பியா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "நானும் படிக்கிறவதான். நாள் முழுக்க இங்க வேலை. சம்பளம் வாடகைக்கும் ஃபீஸுக்கும் சரியாப் போயிடும். பஸ் பாஸ் சலுகையிலதான் எடுக்கறேன். இல்லன்னா நடக்கணும். அதைக் காட்ட எனக்கு வெட்கமா இல்ல."

"இப்ப உள்ளே போனாரே, அந்த வழுக்கைத்தலை மாணவர்? அவரும் நடக்கணுமா?"

அவள் முகம் பட்டென்று மூடிக்கொண்டது. "பின்னாடி ஆள் நிக்கிறாங்க மேடம்" என்றாள்.

லொடலொடவுக்கு அது போதும். குற்றம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது என்று முடிவு கட்டினான். இடைவேளை மணி அடித்தபோது அவனுடைய சந்தேகம் நிச்சயமாகவே மாறிவிட்டது. மேலாளர் பாதிப் படத்தில் எழுந்து வெளியே வந்தார். அதே நேரம் அந்தப் பெண் ஜன்னலை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் பக்கவாட்டுப் படி வழியாக இறங்கினாள். இருவரும் சேர்ந்து நடந்தார்கள். அவளுடைய கனமான பையை அவர் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

கழுகு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். லொடலொட ஒரு கம்பத்தின் பின்னால் ஒதுங்கி, டீச்சருக்கு போன் போட்டு, போகிற வழியைச் சொல்லிக்கொண்டே நடந்தான்.

*

பழைய காரைக் கட்டடம். அகலமான மரப்படிகள். மேலாளரும் அந்தப் பெண்ணும் பேசிச் சிரித்தபடி மாடியேறி ஓர் அறைக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

"ஒரே அறை, பாஸ்! கதவையும் சாத்தியாச்சு!"

"நீயே போய் எட்டிப் பாரேன்" என்றாள் கழுகு. அவள் குரலில் சுரத்தே இல்லை.

லொடலொட பூனை போல நடந்து ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தான். உள்ளே இன்னொருத்தி இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒருத்தி. அவளுக்குப் பின்னால் செக்யூரிட்டி சீருடையில் ஒருவர், நர்ஸ் உடுப்பில் ஒரு பெண், கையில் கிரீஸ் கறை போகாத ஒரு மெக்கானிக். பெஞ்சு பெஞ்சாக அறை நிறைய ஆட்கள். கரும்பலகையில் யாரோ எண்களை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாவது வரிசையில் மேலாளர் கிளிப் வைத்த பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி எழுதிக்கொண்டிருந்தார்.

"வேலை பார்க்கிறவங்களுக்கான வார இறுதிக் கல்லூரி" என்றாள் கழுகு, பின்னாலிருந்து. "தோள் பையில அந்தப் பரீட்சை அட்டையோட மூலை துருத்திக்கிட்டு இருந்ததைக் காலையிலேயே பார்த்தேன். அந்தப் பொண்ணு அவரோட அட்டையை ஏன் புரட்டல? பக்கத்து பெஞ்சுக்காரரை எதுக்குச் சரிபார்க்கணும்?"

லொடலொட கைபேசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "பாஸ், ஒரு சின்ன விஷயம்..."

கீழே ஒரு வாடகைக் கார் கிறீச்சென்று நின்றது. மரப்படிகள் அதிர்ந்தன.

"நீ கூப்பிட்டியா?" என்றாள் கழுகு.

"கையும் களவுமா பிடிக்கலாம்னு..."

"எங்கே அவ?" டீச்சர் மூச்சிரைக்க வந்து நின்றார். கையில் மடக்கிய குடை. அதை அவர் மழைக்காகக் கொண்டுவரவில்லை என்பது பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

சரியாக அப்போதுதான் வகுப்பு இடைவேளை விட்டார்கள். கதவு திறந்தது. மேலாளர் மனைவியைப் பார்த்தார். பரீட்சை அட்டை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

டீச்சர் திறந்த கதவு வழியே உள்ளே பார்த்தார். பெஞ்சுகள், கரும்பலகை, நர்ஸ், செக்யூரிட்டி. குடை மெல்லத் தாழ்ந்தது. அப்புறம் அவர் சிரித்தேவிட்டார்.

"படிக்கிறீங்களா? அட, இதை ஏங்க மறைச்சீங்க? நான் எதையெதையோ நினைச்சு... ரெண்டாவது பட்டம்னா ஊருக்கே சொல்லிக்க வேண்டிய விஷயமாச்சே!"

மேலாளர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவருடைய வழுக்கையில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. நிம்மதியாக மூச்சு விடப்போன லொடலொட பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"நீங்களே சொல்லிடுங்க சார்" என்றாள் கழுகு மெதுவாக. "நான் சொன்னா நல்லா இருக்காது."

மேலாளர் கைகூப்புவது போலக் கழுகைப் பார்த்தார்.

கழுகு பெருமூச்சு விட்டாள். "டீச்சர், உங்க வீட்டுக் கூடத்துப் படத்துல அவர் கையில ஒரு சுருள் இருக்கே, அதோட ஓரத்துல மெல்லிசா ஒரு தகரப் பட்டை மின்னுது. எந்தக் கல்லூரியும் பட்டத்துக்குத் தகரம் அடிச்சுக் குடுக்காது. சுவர்ல மாட்டற காலண்டருக்குத்தான் அப்படி இருக்கும்."

டீச்சர் கணவரின் பக்கம் திரும்பினார்.

"ஸ்டுடியோக்காரரோட காலண்டர்" என்றார் மேலாளர், ஒருவழியாக. "அங்கியும் அவருதுதான். ஒரே ஒரு பேப்பர் போயிடுச்சும்மா. புள்ளியியல். அடுத்த தடவை எழுதிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வேலை கிடைச்சுது. நீ கிடைச்சே. பட்டதாரின்னு சொன்னேன், யாருமே காட்டுன்னு கேட்கல. அப்புறம் பாடத்திட்டமே மாறிப்போச்சு. இப்ப மறுபடி முதல்லேர்ந்து படிக்கிறேன்."

ஒரு வாரமாக லொடலொட போலி மாணவனைத் தேடிக்கொண்டிருந்தான். மாணவன் அசல். பட்டதாரிதான் போலி!

"இத்தனை வருஷம் கழிச்சு இப்ப என்ன வந்துச்சு?" டீச்சரின் குரல் ஒடுங்கியிருந்தது.

"என் கீழே ஒரு சூப்பர்வைசர் இருக்காரு. என்னைவிட நல்லா வேலை தெரிஞ்சவர். பதவி உயர்வுக்குப் பேர் போச்சு. பட்டம் இல்லன்னு தள்ளிட்டாங்க. அதுல நான்தான் கையெழுத்துப் போடணும். போட்டேன். அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல. அடுத்த வாரமே இங்க வந்து சேர்ந்துட்டேன்."

"சேர்ந்தீங்க, சரி. முடி வெட்டறதுக்கும் சினிமாவுக்கும் எதுக்கு சார் சலுகை?" லொடலொடவால் பொறுக்க முடியவில்லை. "உங்க சம்பளத்துல தியேட்டரையே வாடகைக்கு எடுக்கலாமே!"

மேலாளர் பாக்கெட்டிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தார். "காசுக்காக இல்ல தம்பி. ஆபீஸ்ல உட்கார்ந்தா பட்டதாரி, வீட்டுக்குப் போனா பட்டதாரி. எங்கே போனாலும் பொய். இந்த அட்டையை நீட்டற இடத்துல மட்டும்தான் நான் யாருன்னு நிஜத்தைச் சொல்றேன். அதுல ஒரு சந்தோஷம்."

லொடலொட அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"நிஜம்தான்" என்றாள் கழுகு. "ஆனா இன்னிக்குக் கடைசி சலுகை டிக்கெட்டை நீங்க வாங்கினீங்க. உங்களுக்குப் பின்னால நின்ன ரெண்டு பொண்ணுங்க படம் பார்க்காமலே திரும்பிப் போனாங்க. நீங்க பாதிப் படத்துல எழுந்து வந்துட்டீங்க."

அவர் நிமிர்ந்தார். "நான் பார்க்கலையே..."

"நான் பார்த்தேன் பெரியண்ணா" என்றாள் டிக்கெட் பெண். அவளும் கதவோரம் வந்து நின்றிருந்தாள். "பார்த்துட்டும் குடுத்தேன். என் மேலயும் தப்பு இருக்கு."

"ஒரே முடிவாச் சொல்லுங்க பாஸ், இவர் பண்ணினது தப்பா, சரியா?" என்றான் லொடலொட. "இந்தப் பொண்ணுக்கும் முழுநேர வேலை, அவருக்கும் முழுநேர வேலை. ரெண்டு பேர்கிட்டயும் ஒரே அட்டை."

"நீ யாருன்னு கேட்டாங்க. மாணவன்னு உண்மையைச் சொன்னார். அதுவரைக்கும் சரி. பாதி விலை எதுக்கு வெச்சிருக்காங்க? முழு விலை குடுக்க முடியாதவங்களுக்காக. அவ அந்தக் கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கிட்டுத்தான் பஸ் பாஸ் எடுக்கறா. இவர் கேட்டுக்கவே இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

டீச்சர் இதற்குள் மரப்படியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். எல்லோரும் அவர் அழுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் தரையில் கிடந்த பரீட்சை அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் புள்ளியியல் சொல்லிக் குடுக்கறேன். நீங்க அடுத்த அறையில உட்கார்ந்து தினம் நியூஸ் பேப்பர் படிச்சீங்க."

"அதனாலதான் சொல்லப் பயமா இருந்துச்சு."

"எங்க அப்பாவை ஏமாத்தினீங்க. என்னை ஏமாத்தினீங்க. அந்த சூப்பர்வைசரை..." டீச்சர் குனிந்து தாளைப் பார்த்தார். பார்த்தவர் முகம் மாறியது. "இது என்ன? திட்ட விலக்கம் கண்டுபிடிக்கச் சொன்னா, வர்க்கமூலம் எங்கே?"

"விட்டுட்டேன் போல."

"விட்டுட்டா? அங்கே விட்டா அப்புறம் எல்லாமே தப்புத்தானே!" கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு பெரிய சுழி போட்டார். தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்டார். "நல்லாக் கேட்டுக்கங்க. வீட்டுக்கு வந்து இன்னும் நிறையப் பேசணும், அதை நீங்க வாங்கிக் கட்டிக்கத்தான் போறீங்க. ஆனா திங்கட்கிழமை உங்க முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்றீங்க. நீங்களா போய்ச் சொல்றீங்க."

"வேலை போயிடும்மா."

"போனா போகட்டும். நான் சம்பாதிக்கிறேன்ல?"

மேலாளர் மெல்ல வந்து ஒரு படி தள்ளி உட்கார்ந்தார். டீச்சர் அவரை விரட்டவில்லை. பக்கத்தில் கூப்பிடவும் இல்லை. இடைவேளை முடிந்த மணி அடித்ததும், "போங்க, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார்.

*

திங்கட்கிழமை மேலாளர் முதலாளியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தொழிற்சாலையே காதைத் தீட்டிக்கொண்டு நின்றதாம். முதலாளி முதலில் கத்தினார். அப்புறம் யோசித்தார். இத்தனை வருஷம் ஒழுங்காக ஓடிய பிரிவைப் பட்டம் இல்லாத ஒருவர்தான் நடத்தியிருக்கிறார் என்றால், இன்னொருவரைப் பட்டம் இல்லை என்று தள்ளியதில் என்ன நியாயம்? சூப்பர்வைசர் அந்த நாற்காலிக்குப் போனார். மேலாளர் அவருக்குக் கீழே இறங்கினார். சம்பளம் பெரிதாக வெட்டுப்பட்டது. வேலை மட்டும் தப்பியது.

இதெல்லாம் அன்று மாலை அவரே போனில் சொன்னது. லொடலொட ஸ்பீக்கரில் போட்டிருந்தான். குரல் களைத்திருந்தாலும், முதுகிலிருந்து எதையோ இறக்கி வைத்தவர் போலப் பேசினார்.

"மேடம், ஒரு கேள்வி" என்று தயங்கினார். "வீட்டுச் செலவு போக ஃபீஸுக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருக்கும் போல. இப்ப அந்த அட்டையைக் காட்டினா தப்பில்லையே?"

கழுகு நாற்காலியில் சாய்ந்து யோசித்தாள். வேடிக்கையாகக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இப்ப காட்டலாம் சார். பின்னாடி யார் நிக்கிறாங்கன்னு ஒரு தடவை பார்த்துட்டுக் காட்டுங்க."

"ரொம்ப நன்றி மேடம். இந்தச் சனிக்கிழமை புதுப் படம் ஒண்ணு..."

போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"புள்ளியியல் பாஸ் பண்ற வரைக்கும் இந்த மாணவனுக்கு சினிமாவே கிடையாதுங்க" என்றார் கணக்கு டீச்சர். "அப்புறம் எங்கேர்ந்து சலுகை?"